மண்மேல் நிற்கும் பாதாளம்

கிரேக்கப் பெருநிலத்தின் தெற்குக் கோடியில் தைனரான் என்றொரு பாறை முனை கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. மாதபான் என்பது அதன் இன்னொரு பெயர். கடல் தேவன் பொசைடனுக்கு அங்கே கோயில் இருந்தது. கோயிலை ஒட்டி ஒரு குகை. இறந்தவர்களின் உலகுக்கு அந்தக் குகை வழியே இறங்கலாம் என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். ஹெராக்ளீஸ் பாதாளத்தின் காவல் நாயை இழுத்து வந்ததும், ஆர்பியஸ் செத்துப்போன மனைவியைத் தேடி இறங்கியதும் அவ்வழியே என்பது கதை. நிலம் முடிந்து கடல் தொடங்கும் தெற்கு முனை நமக்கும் உண்டு. தெற்கு நம் மரபில் இறந்தோரின் திசை; திருக்குறள் முன்னோரைத் தென்புலத்தார் என்கிறது. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் குமரிக் கடலில் எள்ளும் நீரும் இறைக்கக் கூடும் கூட்டத்தை நாடறியும். பாதாள வாசல் ஒன்றைக் கற்பித்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ் மண்ணில் இல்லை. ஆனாலும் நாஞ்சில் நாட்டார் தங்கள் செத்தவர்களை அந்த முனைக்குக் கீழே தேடவில்லை. குளக்கரையிலும் வயல் வரப்பிலும் ஊர் எல்லையிலும் சுடுகாட்டு ஓரத்திலும் தேடினார்கள், அங்கேயே கண்டும் கொண்டார்கள். சென்ற இதழில் அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளைப் பார்த்தோம். வரியும் நிலமும் அடிமை விற்பனையும் அந்த ஓலைகளில் பதிவாகியிருக்கின்றன. அதே நூற்றாண்டுகளில் யார் எங்கே எப்படிக் கொல்லப்பட்டார் என்பதைப் பதிந்து வைத்தது வேறோர் ஏடு. மாடன், இசக்கி, வாதை என்று நாம் கும்பிடும் தெய்வங்களும் அவற்றுக்குப் பாடப்படும் வில்லுப்பாட்டுகளுமே அந்த ஏடு என்பதும், வரலாறு எழுதுகிறவர் அதைத் தள்ளிவிட்டுப் போகமுடியாது என்பதுமே இந்தப் பகுதியில் நான் நிறுவ முயல்வது.

முதலில் ஓர் அடிப்படை வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாஞ்சில் நாட்டில் செத்தவர்கள் இரண்டு வகை. வயது முதிர்ந்தோ நோய்ப்பட்டோ தன் வீட்டில், தன் மக்கள் நடுவில் கண்மூடியவர் ஒரு வகை. அவருக்குக் கொள்ளி வைத்து, சாம்பல் கரைத்து, பதினாறாம் நாள் அடியந்திரம் கழித்தால் அவர் போய்ச் சேர்ந்துவிடுகிறார். எங்கே போனார் என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. எமலோகம், சித்திரகுப்தன், வைதரணி நதி எல்லாம் புராணத்தில் உண்டு. ஆனால் வீட்டில் இறந்த பாட்டனாரின் எமலோகப் பயணத்தை விடிய விடிய வில்லடித்துப் பாடுவதில்லை. ஆண்டுக்கொரு முறை ஒரு பிடி எள்ளோடு அவர் கணக்குத் தீர்ந்துவிடும். வெட்டுப்பட்டவர், கழுவேற்றப்பட்டவர், பிள்ளைவயிற்றோடு செத்தவர், வஞ்சகத்தால் கொல்லப்பட்டவர், மானத்துக்காகத் தன்னை மாய்த்துக்கொண்டவர் இன்னொரு வகை. விதித்த வயசு முடியாமல் போனவர்கள் அவர்கள். எமனுடைய கணக்கில் அவர்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆகவே அவன் கூட்டிக்கொள்ளமாட்டான் என்பது நம்பிக்கை. போக இடமில்லாதவர் நிற்க இடம் கேட்கிறார். நின்ற இடத்தில் ஒரு மண்பீடம் எழுகிறது. நாஞ்சில் நாட்டின் பாதாளம் மண்ணுக்கு மேலே, ஊருக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்வது இந்தப் பொருளில்தான்.

கிரேக்கரோடு ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஹோமரிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒடிசியின் பதினோராம் காண்டத்தில் வரும் ஹேடீஸ் உலகம் சாம்பல் நிறம். அங்கே எல்லாரும் நிழல்கள். செத்தோருக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிடப் பூமியில் ஓர் ஏழை வீட்டுக் கூலியாளாக இருப்பதே மேல் என்று அக்கிலீஸ் வருந்துகிறான். இதை மட்டும் படித்தால் கிரேக்கருக்கும் நமக்கும் ஒட்டுறவே இல்லை என்று தோன்றும். ஆனால் காவியத்தை மூடிவிட்டு ஊர்க்கோயில்களுக்குள் நுழைந்தால் காட்சி மாறிவிடுகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பௌசானியஸ் என்பவர் கிரேக்கம் முழுவதும் சுற்றி, ஒவ்வோர் ஊரிலும் எந்தத் தெய்வத்துக்கு எதற்காகப் பலி கொடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதிவைத்தார். அவர் தரும் செய்திகளில் ஒன்று ஆர்க்காடியா நாட்டுக் காஃபியை என்ற ஊரைப் பற்றியது. சிறு பிள்ளைகள் விளையாட்டாக ஆர்ட்டெமிஸ் சிலையின் கழுத்தில் கயிற்றைக் கட்டி, அம்மனைத் தூக்கிலிட்டோம் என்று கூவினார்கள். தெய்வ நிந்தை என்று ஊரார் அந்தக் குழந்தைகளைக் கல்லால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். அதன்பிறகு ஊர்ப்பெண்களுக்குப் பிறந்த பிள்ளையெல்லாம் செத்தே பிறந்தன. டெல்ஃபியில் குறி கேட்டார்கள். செத்த பிள்ளைகளை முறையாகப் புதைத்து ஆண்டுதோறும் பலி கொடுங்கள், அவர்கள் சாவு நியாயமான சாவு அல்ல என்று பதில் வந்தது.

கொரிந்து நகரக் கதை இதைவிட நமக்கு நெருக்கமானது. மெடியா தன் பிள்ளைகளைத் தானே கொன்றாள் என்பதுதான் கி.மு. 431இல் யூரிப்பிடீஸ் அரங்கேற்றிய நாடகத்தால் உலகம் அறிந்த கதை. பௌசானியஸ் கேட்டறிந்த கதை வேறு. அரசன் மகளின் உயிரைக் குடித்த நஞ்சுப் பரிசுகளைச் சுமந்து சென்றார்கள் என்பதற்காக அந்தப் பிள்ளைகளைக் கொரிந்து மக்களே கல்லெறிந்து கொன்றார்கள். அநியாயமாகச் செத்த பிள்ளைகள் ஊரின் கைக்குழந்தைகளை வாரிக்கொண்டு போனார்கள். குறி கேட்டு, ஆண்டுப் பலி ஏற்படுத்தி, பயங்கரமான பெண்ணுருவம் ஒன்றையும் நிறுவிய பின்பே அது நின்றது. அந்தச் சிலை தம் காலத்திலும் இருந்ததாக அவர் எழுதுகிறார். கொன்றவர்கள் ஊரார்; வழிபட வேண்டியவர்களும் அதே ஊரார். ஹேடீசின் சாம்பல் உலகத்தைவிட இந்தச் செய்தியே நாஞ்சில் நாட்டுக்காரருக்குச் சட்டென்று புரியும். ஏனென்றால் ஆரல்வாய்மொழிக்கும் காவல்கிணற்றுக்கும் இடையே, காற்றாலைகளுக்கு நடுவே முப்பந்தலில் நாம் கும்பிடும் இசக்கியின் கதை இதே நூலில் கோத்தது.

பாடுகிறவருக்குப் பாடுகிறவர் சிறுசிறு வேறுபாடுகள் உண்டென்றாலும் கதையின் எலும்புக்கூடு ஒன்றே. கோயில் பூசை செய்யும் குலத்து இளைஞன் ஒருவன் ஆடல் மகளிடம் பொருளையெல்லாம் இழக்கிறான். அவளுடைய தாய் அவனை விரட்டிவிடுகிறாள். அவள் மட்டும் அன்போடு அவனைத் தேடிப் பின்னால் போகிறாள். காட்டு வழியில் தன் மடியில் தலைவைத்து உறங்குகிறவளைக் கல்லைப் போட்டுக் கொன்று, நகைகளை எடுத்துக்கொள்கிறான் அவன். சாகும்போது பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சி வைக்கிறாள். மறுபிறவியில் நீலியாக வருகிறாள். அவன் வணிகனாகப் பிறந்திருக்கிறான். கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறான் என்று வேளாளர் சபையில் முறையிடுகிறாள். பெரியவர்கள் எழுபது பேரும் அவள் சொல்லை நம்பி, அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று சொல்லி, இருவரையும் ஓர் இரவு ஒன்றாகத் தங்கவைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல் தவறியதற்காக எழுபது பேரும் தீக்குளிக்கிறார்கள். இந்தக் கதையின் பழைய களம் வடக்கே தொண்டை நாட்டுப் பழையனூர். ஆனால் நாஞ்சில் நாட்டுப் பாட்டு அவளைத் தெற்கே அழைத்து வந்து முப்பந்தலில் நிலைகொள்ளச் செய்கிறது. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டிலும் ஒரு நீலி இருக்கிறாள். கையில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை, காலடியில் ஓர் ஆண் என்று சுடுமண்ணில் செய்துவைக்கும் இசக்கி உருவத்தின் முன்னால்தான் பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் தொட்டில் கட்டுகிறார்கள். பிள்ளையைத் தின்பவளிடமே பிள்ளையைக் கேட்பது முரணாகத் தெரியலாம். தாய்மை வாய்க்காமல் கொல்லப்பட்டவளின் கோபம் எந்த வழியாக வெளிப்படுமோ, அந்த வழியில் அவளைத் தணித்து அனுப்புகிறார்கள் என்று பார்த்தால் முரண் இல்லை. கொரிந்தில் நிறுவிய பயங்கரப் பெண்ணுருவுக்கும் அதே வேலை.

இசக்கி சமண இயக்கியின் வழிவந்தவள், கொல்லப்பட்ட பெண்ணின் கதை பின்னால் ஒட்டவைத்தது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். மார்த்தாண்டத்துக்கு வடக்கே சிதறால் மலையில் அம்பிகை இயக்கியின் புடைப்புச் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கருத்து வலுவாகவே தோன்றும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்பிகை யார் என்று சமணக் கதையையே கேட்டுப் பார்க்கலாம். துறவிக்குச் சோறிட்ட குற்றத்துக்காகக் கணவனால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, இரண்டு பிள்ளைகளோடு அலைந்து, அவன் பின்தொடர்ந்து வந்ததைக் கண்டு அஞ்சி உயிரைவிட்ட பெண் அவள். செத்த பிறகே இயக்கியானாள். சமணத்திலிருந்து வந்தாலும் ஊர்க்கதையிலிருந்து வந்தாலும் அடியில் இருப்பது அகாலத்தில் செத்த ஒரு தாய். சிலப்பதிகாரத்தின் தொடக்கத்திலுள்ள உரைபெறு கட்டுரை இதையே அரசியல் அளவில் சொல்கிறது. கோவலன் அநியாயமாகக் கொல்லப்பட்டதிலிருந்து பாண்டி நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குப் பலியிட்டு விழா எடுத்த பிறகே நாடு தேறியது. காஃபியை ஊர்க்கதையின் வரிசை அப்படியே இதிலும் இருக்கிறது: தவறான சாவு, நாட்டின் நோய், வழிபாடு, நோய் நீங்கல். ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை, சொல்லவும் தேவையில்லை. சிறிய ஊர்களில் சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒரு கொலையை எப்படிச் சுமப்பார்கள் என்ற கேள்விக்கு இரண்டு கடற்கரைகளில் கிடைத்த ஒரே விடை அது.

கொடை என்னும் கோயில் விழா நாளில் நடப்பதைக் கவனித்தால் இந்த விடை எவ்வளவு கவனமாக அமைக்கப்பட்டது என்று தெரியும். கோயில் முன்னால் பந்தலில் வில் கிடத்தப்படுகிறது. வீசுகோலால் புலவர் அடிக்கிறார். குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் சேர்கின்றன. வலப்பக்கத்தாரும் இடப்பக்கத்தாரும் அடிகளை மாற்றி மாற்றி வாங்கிப் பாடுகிறார்கள். தெய்வத்தின் பிறப்பு, வளர்ப்பு, பயணம் என்று கதை நிதானமாகப் போகும். நடுச்சாமம் நெருங்கும்போது பாட்டு சாவுக்கட்டத்தைத் தொடுகிறது. வெட்டு விழும் அடியில் தாளம் முறுகும். அந்த இடத்தில்தான் சாமியாடிக்கு அருள் வருகிறது. பலி விழுகிறது, சாமி குறி சொல்கிறது, நோயும் வழக்கும் களவும் கேட்கப்படுகின்றன. ஒடிசியூஸ் பாதாள எல்லையில் ஒரு குழி தோண்டி, தேனும் பாலும் மதுவும் நீரும் ஊற்றி, ஆட்டின் ரத்தத்தை அதில் வடித்ததும், ரத்தத்தைக் குடித்த நிழல்களே வாய் திறந்து உண்மை பேசியதும் இங்கே நினைவுக்கு வரவேண்டும். ஒலிம்பியாவில் பெலாப்ஸ் என்ற வீரனுக்கு ஆண்டுதோறும் கருங்கிடாயை வெட்டியதையும் பௌசானியஸ் பதிந்திருக்கிறார். செத்தவர் பேச வேண்டுமென்றால் அவருக்கு ரத்தம் திரும்பக் கிடைக்கவேண்டும் என்பதே இரண்டு இடத்திலும் உள்ள எண்ணம். ஒரே ஒரு வேறுபாடு உண்டு, அது பெரியது. ஒடிசியூஸ் கடல் கடந்து, உலகத்தின் விளிம்புக்குப் போய்க் குழி தோண்டுகிறான். நாஞ்சில் நாட்டில் குழி கோயில் முற்றத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழுகிறது. இந்தத் தெய்வங்களெல்லாம் கயிலாயத்தில் பிறந்தவை என்றல்லவா பாட்டே தொடங்குகிறது? சுடலைமாடன் பார்வதி விளக்கடியில் ஏந்திய முந்தானையில் விழுந்த சுடரிலிருந்து பிறந்தவன். சுடுகாட்டில் பிணம் தின்றதால் கயிலையிலிருந்து அனுப்பப்பட்டவன். அப்படியிருக்க, கொலையுண்ட மனிதர்களே தெய்வமானார்கள் என்று எப்படிச் சொல்லலாம்? இந்தக் கேள்விக்கு விரிவான பதில் தந்தவர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன். குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டை நேரில் ஆராய்ந்து 1988இல் நூலாக்கியவர் அவர். தெய்வப் பிறப்பைப் பாடும் கதைகள், மனிதச் சாவைப் பாடும் கதைகள் என்று இரண்டு வகை இருப்பதை அவர் காட்டினார். ஒரு வழிபாடு தன் ஊரைவிட்டுப் பரவும்போது சாவின் பிடி தளர்ந்து கயிலைப் பிறப்பு முன்னால் வந்து சேர்கிறது என்பது அவர் கணிப்பு. இது எனக்குச் சரியாகவே படுகிறது. கொலை நடந்த ஊருக்குச் சாவு போதும்; அந்தச் சாவுக்கு உறவில்லாத ஊருக்குத்தான் கும்பிட வேறு காரணம் வேண்டும். ஆகவே கயிலைப் பிறப்புள்ள கதைகளை அகலப் பரவியவை என்று கொண்டு, ஊர்க்கதைகளைத் தனியே பிரித்துப் படிக்கலாம். பல ஆண்டுகளாக இக்கதைகளைத் தேடித் தொகுத்து வரும் அ.கா. பெருமாளின் நூல்கள் இப்படிப் படிப்பதற்கு வேண்டிய கையிருப்பைத் தமிழில் தந்திருக்கின்றன.

அப்படிப் பிரித்துப் படித்தால் கொன்றவர் பட்டியலில் அரசு அடிக்கடி வருவதைக் காணலாம். கழுமாடன் என்ற தெய்வத்துக்குப் பின்னால் இருப்பது கழுமரம். அது ஊர்ச் சண்டையில் நட்டது அல்ல, ஆட்சியின் தண்டனைக் கருவி. நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் 1635இல் திருமலை நாயக்கரின் மதுரைப் படையை எதிர்த்து விழுந்த வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையும் பாட்டாகி நிற்கிறது. எதிரி வெட்டினான் என்பதோடு பாட்டு முடிந்துவிடவில்லை. சொந்த அரசின் பெரியவர்கள் அவனைத் தனியே விட்டார்கள் என்று குற்றம் சாட்டுகிறது. மதுரைக்குப் போன தலையை அவனுடைய ஆள் மீட்டுவந்ததைப் பாடி ஆறுகிறது. தம்பிமார் கதை இன்னும் கூர்மையானது. 1729இல் ராமவர்மா இறந்ததும் மருமக்கள் வழிப்படி மார்த்தாண்டவர்மா ஆட்சிக்கு வந்தார். இறந்த மன்னரின் மக்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அதை எதிர்த்தார்கள். சில ஆண்டுகளுக்குள் நாகர்கோவில் அரண்மனையில் இருவரும் கொல்லப்பட்டார்கள். சங்குண்ணி மேனன் 1878இல் எழுதிய திருவிதாங்கூர் வரலாற்றிலும் அதற்குப் பின்வந்த அரசு நூல்களிலும் அவர்கள் நாட்டைக் காட்டிக்கொடுக்கத் துணிந்த கலகக்காரர்கள், சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவல் (1891) அவர்களைக் கொடியவர்களாகவே தீட்டியது. வில்லில் ஏறிய தம்பிமார் கதையில் கலகத்துக்கு வேறு காரணம்: அவர்களின் தங்கையை மன்னர் கேட்டார், அவர் வைத்த நிபந்தனை குடும்பத்துக்கு மானக்கேடு, அண்ணன்மார் மறுத்தார்கள். அண்ணன்மார் விழுந்த பின் தங்கையும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

வரலாற்றாசிரியர் இங்கே கையை உயர்த்துவார். பாட்டில் சொன்னதெல்லாம் சான்றா? பெண் கேட்ட கதைக்கு ஆவணம் எங்கே? நூறு பாட்டுகளில் வரும் வாய்பாடு அல்லவா அது? கேள்வி நியாயமானது; நான் அதை முழுதும் ஏற்கிறேன். வில்லுப்பாட்டின் ஆண்டுக்கணக்கை நம்பமுடியாது. வம்ச வரிசையை நம்பமுடியாது. அரண்மனைக்குள் பேசிய பேச்சை ஊர்ப்புலவர் கேட்டிருக்க வழியில்லை. மார்த்தாண்டவர்மா பெண் கேட்டார் என்று இந்தப் பாட்டை வைத்து நான் எழுதமாட்டேன். ஆனால் சான்று என்பது நிகழ்ச்சிக்கு மட்டும் உரியது அல்ல. கொலை நடந்தது, நாகர்கோவிலில் நடந்தது, செய்வித்தவர் மன்னர் என்ற மூன்றிலும் அரசு நூலும் பாட்டும் ஒன்றுபடுகின்றன. அது நியாயமா என்பதில்தான் பிரிகின்றன. குளச்சலில் 1741இல் டச்சுக்காரரை வென்றவர், 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்குத் திருப்படித்தானம் செய்து அந்தத் தெய்வத்தின் பெயரால் ஆண்டவர் அவர். அப்படிப்பட்ட அரசரின் கை இந்தக் கொலையில் சுத்தமில்லை என்று நாஞ்சில் நாட்டில் ஒரு பகுதியினர் கருதினார்கள். தலைமுறைகளாகக் கருதிக்கொண்டே இருந்தார்கள். இது பாட்டைத் தவிர வேறெங்கும் இவ்வளவு வெளிப்படையாகக் கிடைக்காத செய்தி. அரசின் வரலாறு முடித்துக் கட்டிய வழக்கை ஊர் முடிக்காமல் வைத்திருந்தது என்பதே அது. இதற்கும் கிரேக்கத்தில் இணை உண்டு. பாரசீகரை வென்ற ஸ்பார்ட்டாவின் தளபதி, பெயர் பௌசானியஸ்தான், ஆனால் நாம் மேலே பார்த்த பயணியல்ல. துரோகி என்ற சந்தேகத்தில் அவனைக் கோயிலுக்குள் வைத்துக் கதவை அடைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள். டெல்ஃபி ஸ்பார்ட்டாவிடம், அவன் செத்த இடத்துக்கே கல்லறையை மாற்று, ஓர் உடலுக்கு இரண்டு உடலாகத் தேவிக்குக் கொடு என்று கட்டளையிட்டது. இரண்டு வெண்கலச் சிலைகள் செய்து வைத்தார்கள். இதைச் சொல்பவர் துசிடிடீஸ். கட்டுக்கதைகளைச் சலித்துத் தள்ளியவர் என்று பெயரெடுத்த அவரே இதை எழுதத் தகுந்தது என்று கருதினார்.

இன்னும் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதை நானே எழுப்பவேண்டும். கும்பிடப்படும் செத்தவர்கள் எல்லாரும் அநியாயம் இழைக்கப்பட்டவர்களா? இல்லை. சுடலைமாடன் கதையில் காளிப்புலையன் என்பவனின் மகளுக்கு நேர்ந்த கொடுமையைச் செய்தவன் சுடலையே. தென்னித்தாலியில் தெமெசா என்ற ஊரார் அஞ்சி வணங்கிய ஆவி, குடிவெறியில் ஒரு பெண்ணைக் கெடுத்து ஊராரிடம் கல்லடிபட்டுச் செத்த ஒடிசியூஸின் மாலுமி. அவனை அடித்தது நியாயம்தான், ஆனாலும் கோயில் கட்டவேண்டி வந்தது. நமக்கு அருகில் நடந்ததைச் சொல்கிறார் கால்டுவெல். வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியை அடக்க 1809இல் ஆரல்வாய்மொழிக் கோட்டை அரணைத் தாக்கியபோது படுகாயமடைந்து இறந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியை, அங்கிருந்து சுமார் 25 மைல் தள்ளி ஒரு மணற்காட்டில் புதைத்தார்கள். சாராயமும் சுருட்டும் படைத்து மக்கள் அவரை வணங்கினார்கள் என்று 1849இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார். படையெடுத்து வந்தவர் அவர். நம்மவர் அவருக்குச் செய்த அநியாயம் எதுவுமில்லை. இதைப் பேய்வழிபாட்டின் மடமைக்குச் சான்றாகக் கால்டுவெல் காட்டினார். இன்றும் பலர் அப்படியே மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. இந்தச் சான்றுகளால் என் வாதத்தின் எல்லை குறுகுகிறது, வாதம் உடையவில்லை. வழிபாட்டைத் தொடங்கிவைப்பது செத்தவரின் குற்றமின்மை அல்ல. வன்சாவும், அந்தச் சாவை ஏற்று முடித்துவைக்க உரியவர் இல்லாமையும். அந்த அதிகாரிக்குக் கொள்ளி வைக்கவும் அழவும் அந்த மணற்காட்டில் உறவென்று யாருமில்லை. பொறுப்பேற்க ஆளில்லாத சாவை அந்த மண்ணில் வாழ்கிறவர்கள் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். எதிரியாக வந்தவனுக்கும் அது கிடைத்தது. பயந்துதானே செய்தார்கள் என்று கேட்கலாம். பயம் இருந்தது, யாரும் மறைக்கவில்லை. ஆனால் ஒருவர் செத்த விதத்துக்காக அவரைப் பற்றிப் பயப்படுவது, அந்தச் சாவு சாதாரணமாகக் கடந்துபோகக் கூடியதல்ல என்று உணர்ந்ததன் அடையாளமே. கொன்ற குடும்பமே தலைமுறை தலைமுறையாகக் கொடைக்கு வரி கட்டும் ஊர்களில் அந்தப் பயம் செய்யும் வேலையை எந்த நீதிமன்றமும் செய்ததில்லை.

இது ஒரு சமயத்தாரின் வழக்கம் மட்டும் என்று நினைப்பதற்கும் இடமில்லை. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டப் பிள்ளை பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர். டச்சுத் தளபதியாக வந்து திருவிதாங்கூர்ப் படையிலேயே சேர்ந்த டிலனாயின் தொடர்பால் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சிறைப்பட்டு, வதைப்பட்டு, ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1752 ஜனவரி 14ஆம் நாள் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கமானது. 2022 மே 15ஆம் நாள் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. ஆனால் ரோம் சொல்வதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்னிருந்தே மக்கள் காற்றாடி மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் சாவோடு தொடர்புபடுத்தப்படும், தட்டினால் மணியோசை தரும் பாறையைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தோலிக்க இறையியல்படி அவர் விண்ணகத்தில் இருக்கிறார். மாடன் வழிபாட்டோடு அதை ஒன்றாக்குவது பிழை. ஆயினும் மன்னர் ஆணையால் கொல்லப்பட்டவரை அவர் விழுந்த பாறையிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்ற உந்துதல் இந்த மண்ணுக்கு உரியது. தம்பிமாரைக் கொன்ற அதே ஆட்சி, அதே தலைமுறை. நினைவு வைத்துக்கொண்ட முறையும் ஒன்றே.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த வழிபாட்டை அறியாத வெளியாளிடமிருந்து வராத, அதற்குள்ளேயே வாழ்ந்தவரிடமிருந்து வந்த மறுப்பை எதிர்கொள்ளாமல் விடக்கூடாது. கால்டுவெல் எழுதுவதற்கு முன்பே, 1833இல் திருச்செந்தூர்க் கடலுக்குள் சென்று வைகுண்டராக வெளிப்பட்டார் என்று அன்பர்கள் போற்றும் அய்யா, சாமித்தோப்பில் இருந்து மாடனுக்கும் வாதைக்கும் பலியிடாதே என்றார். அகிலத்திரட்டு அம்மானையில் அவர் பேய்களை எரிக்கிறார். தலைச்சுமையும் தாலிக்கு வரியுமாக நசுங்கிக் கிடந்த மக்கள், இருக்கிற கொஞ்சத்தையும் கிடாய்க்கும் சாராயத்துக்கும் மந்திரவாதிக்கும் கொடுத்துவிட்டுச் செத்தவர்களுக்கே பயந்து குனிந்து கிடப்பதை அவர் பொறுக்கவில்லை. உயிரோடிருக்கும் அரசனை நிமிர்ந்து பார்க்கவேண்டியவர்கள் அவர்கள். கண்ணாடியின் முன்னால் தலைப்பாகை கட்டி நின்று கும்பிடச் சொன்னது அதற்காகத்தான். மாடன் கோயில்கள் பழைய கொலைகளை நினைவில் வைத்தன; புதிய கொலையைத் தடுக்க அவை மக்களைத் திரட்டவில்லை. இந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டேன். ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். அகிலத்திரட்டு எரிக்கும் பேய்களின் பட்டியலும், திருவிதாங்கூர் அரசரைக் கலிநீசனாக அது கண்ட துணிவும் ஒரே நூலுக்குள் இருக்கின்றன. தம்பிமார் கதை மறைமுகமாகச் சொன்னதை அகிலம் அரசரின் முகத்துக்கு நேராகச் சொன்னது. செத்தவர்களின் வழக்கை உயிரோடிருப்பவர்கள் கையில் எடுத்த அந்தத் திருப்பம் எப்படி நேர்ந்தது, அதற்காக அய்யா திருவனந்தபுரத்தில் எதை அனுபவித்தார் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.